விலைச்சீட்டில் அச்சிடப்படாத கணக்கு

தொலைக்காட்சியோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கச் செல்லும்போது நமக்குப் பரிந்துரை செய்பவரின் வருமானம் எவ்வாறு அமைகிறது? அதை அறிந்துகொண்டால் நம் பணமும் காக்கப்படும். அவருடைய உழைப்பின் அருமையும் விளங்கும்.

பண்டிகைக் காலம் நெருங்கும்போது மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. உள்ளே நுழைந்ததும் ஒருவர் வணக்கம் கூறி, நம் தேவையைக் கேட்கிறார். அடுத்தடுத்து நிற்கும் ஐந்தாறு தொலைக்காட்சிகளுள் ஒன்றின் முன் நம்மை நிறுத்தி, அதன் சிறப்புகளை மளமளவென்று அடுக்குகிறார். பக்கத்தில் இருப்பதைப் பற்றி நாம் கேட்டாலும், அவருடைய பேச்சு சுற்றி வந்து முதலில் காட்டியதிலேயே நிற்கிறது. அது உண்மையிலேயே நல்ல பொருளாக இருக்கலாம். அந்த வாரம் அதை விற்றால் அவருக்குக் கிடைக்கும் தொகை கூடுதலாக இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். எது உண்மை என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து அறிய இயலாது. ஆனால், அவருடைய ஊதியம் எந்த வழிகளில் வருகிறது என்பது தெரிந்திருந்தால், எந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஒரே கடை, மூன்று முதலாளிகள்

விஜய் சேல்ஸ் 1967-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது. அதைப் போன்ற பழைய கடைகள் வளர்ந்த காலத்தில், வீட்டுக்கு வேண்டிய மின்சாதனங்களைச் செய்துதந்த நிறுவனங்கள் மிகச் சிலவே. வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார். 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1995-இல் சாம்சங்கும் 1997-இல் எல்ஜியும் இந்தியச் சந்தைக்குள் வந்தன. 2006-இல் டாட்டா குழுமத்தின் குரோமாவும், அதற்கு அடுத்த ஆண்டு ரிலையன்ஸ் டிஜிட்டலும் தொடங்கப்பட்டன. பல நிறுவனங்களின் பொருள்கள் ஒரே கூரையின்கீழ் தோளுரசி நின்றபோது, எதை வாங்குவது என்ற முடிவு வீட்டில் எடுக்கப்படுவது குறைந்து, அலமாரியின் முன்னால் எடுக்கப்படத் தொடங்கியது. ஆகவே, அந்த அலமாரியின் முன்னால் தம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் விரும்பியது.

இன்று பெரிய கடை ஒன்றில் நம்மிடம் பேசுகிறவர்கள் பார்வைக்கு ஒரே குழுவினராகத் தோன்றினாலும், அவர்கள் மூன்று வகையினர். முதல் வகையினர் கடையின் சொந்தப் பணியாளர்கள். அவர்களுக்கு எந்த நிறுவனத்தின் பொருள் விற்றாலும் விற்பனைதான். கடைக்கு எதில் லாபம் அதிகமோ அதை நோக்கியே அவர்களுடைய ஊக்கத்தொகை வகுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வகையினர், தயாரிப்பு நிறுவனங்கள் அனுப்பி வைக்கும் விளம்பர விற்பனையாளர்கள். கடைமொழியில் அவர்களைப் 'புரொமோட்டர்' என்பார்கள். நிற்பது கடையில் என்றாலும், அவர்களுடைய சம்பளம் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து, பெரும்பாலும் ஆள்வழங்கும் முகமை ஒன்றின் வழியாக வருகிறது. சட்டைப்பையின் மேல் நிறுவனத்தின் சின்னம் இருந்தால் எளிதில் அடையாளம் காணலாம். மூன்றாம் வகையினர், கடையின் ஓரத்தில் சிறு மேசை போட்டு அமர்ந்திருக்கும் கடன் நிறுவனத்தின் பிரதிநிதிகள். எத்தனை பேருக்குத் தவணைக் கடன் எழுதினார்கள் என்பதே அவர்களுடைய கணக்கு.

ஆகவே, "இதுதான் சிறந்தது" என்ற ஒரே வாக்கியம், சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் புரொமோட்டர் தம் நிறுவனத்தின் பொருளைப் பாராட்டுவதில் தவறு ஏதுமில்லை. அதற்காகவே அவர் அங்கே நிற்கிறார். தம் நிறுவனத்தின் ஐந்து மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அவரைப் போல் விளக்கக்கூடியவர் கடையில் வேறு யாரும் இருக்க மாட்டார். ஆனால், வேறொரு நிறுவனத்தின் பொருளோடு ஒப்பிட அவரை நடுவராக வைத்துக்கொள்ளலாகாது.

முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே

விற்ற தொகையில் இத்தனை விழுக்காடு என்று நேரடியாகக் கமிஷன் தரும் முறை நம் நாட்டுக் கடைகளில் குறைவு. மாதச் சம்பளம் ஒன்று நிலையாக இருக்கும். அதன்மேல் 'இன்சென்டிவ்' எனப்படும் ஊக்கத்தொகை சேரும். ஊக்கத்தொகைக்கு மாத இலக்கு உண்டு. இலக்கின் குறிப்பிட்ட பங்கை எட்டும்வரை ஒன்றும் கிடைக்காது. அந்தப் படியைத் தாண்டினால் ஒரு விகிதம். முழு இலக்கையும் எட்டினால் அதைவிட உயர்ந்த விகிதம்.

கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 40 தொலைக்காட்சிகள் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 32-க்குக் குறைந்தால் ஊக்கத்தொகை இல்லை. 32 முதல் 39 வரை விற்றால், விற்ற ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய். 40-ஐத் தொட்டுவிட்டால், முதல் தொலைக்காட்சியிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய். 31 விற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். 39 விற்றவருக்கு 3,900 ரூபாய். 40 விற்றவருக்கு 8,000 ரூபாய். அதாவது, நாற்பதாவது தொலைக்காட்சி ஒன்றின் மதிப்பு மட்டும் அவருக்கு 4,100 ரூபாய்.

மாதக் கடைசி நாள்களில் விற்பனையாளரின் குரலில் ஏறும் வேகத்துக்கு இதுவே காரணம். அன்று நாம் அவருக்கு முப்பத்தோராவது வாடிக்கையாளரா, நாற்பதாவது வாடிக்கையாளரா என்பது நமக்குத் தெரியாது. "இன்றே முடித்துவிடுங்கள், நாளை இந்த விலை இருக்காது" என்று அவர் சொல்லும்போது, அந்த அவசரம் பல வேளைகளில் அவருடைய நாட்காட்டியைச் சேர்ந்தது. இதே சூழல் நமக்குச் சாதகமாகவும் அமையலாம். கடைக்கும் தயாரிப்பு நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. கடையின் லாபத்தில் ஒரு பகுதி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். மற்றொரு பகுதி, மாத அல்லது காலாண்டு முடிவில் இலக்கை எட்டினால் நிறுவனம் தரும் கழிவு. இலக்கின் வாசலில் நிற்கும் கடை மேலாளர், ஓரிரு பொருள்களின் லாபத்தை விட்டுக்கொடுக்கவும் முன்வருவார். எனவே, மாதத்தின் கடைசி வாரத்தில் நிதானமாகச் சென்று, கூடுதல் தள்ளுபடி உண்டா என்று மேலாளரிடம் மரியாதையோடு கேட்பதில் நட்டமொன்றும் இல்லை.

எந்தப் பொருளின் பின்னால் பணம் நிற்கிறது?

எல்லாப் பொருள்களுக்கும் ஊக்கத்தொகை ஒன்றாக இருப்பதில்லை. நன்கு விளம்பரமாகித் தானாகவே விற்கும் மாதிரிக்கு அது குறைவாக இருக்கும். தள்ளிவிட வேண்டிய பொருளுக்கு அதிகமாக இருக்கும். புதிய மாதிரி வரவிருக்கும்போது கிடங்கில் தங்கிவிட்ட பழைய மாதிரிகள் ஒரு வகை. லாப விகிதம் அதிகமுள்ள உயர்விலை மாதிரிகள் இன்னொரு வகை. கடையின் சொந்தப் பெயரில் விற்கப்படும் பொருள்கள் மற்றொரு வகை. இவற்றுக்கு அந்தந்த வாரத்தில் 'ஸ்பாட் இன்சென்டிவ்' என்று உடனடிப் பரிசும் அறிவிக்கப்படுவதுண்டு.

பழைய மாதிரியை வாங்குவது தவறன்று. விலை உண்மையாகவே குறைந்திருந்தால் அது நல்ல கொள்முதல். பழையது என்று தெரிந்து வாங்குவதே முக்கியம். பெட்டியின்மேல் தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. குளிர்சாதன இயந்திரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திர முத்திரையில், அந்தத் தரம் எந்தக் காலத்துக்கு உரியது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திர அளவுகோலை எரிசக்தித் திறன் அமைப்பு அவ்வப்போது உயர்த்திவருவதால், முந்தைய காலத்து ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரத்துக்கு ஈடாகாது. முத்திரையிலுள்ள ஆண்டு மின் நுகர்வு எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால், யாருடைய பரிந்துரையும் தேவைப்படாது.

கைப்பேசிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விற்பனை உண்மையில் நடந்ததா என்பதைச் சில நிறுவனங்கள், கருவியின் தனி அடையாள எண் முதன்முறையாக இயக்கப்பட்டதைக் கொண்டு உறுதிசெய்கின்றன. அதன் பிறகே ஊக்கத்தொகை கணக்கில் ஏறும். கடையிலேயே பெட்டியைப் பிரித்து இயக்கிக் காட்டுவதில் விற்பனையாளர் ஆர்வம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கும் அது நல்லதே: திரையில் கீறல் உண்டா, பெட்டியிலுள்ள எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் கருவியின் எண்ணும் ஒன்றா என்பதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொருளோடு ஒட்டி வருபவை

பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நாம் மூச்சு விடும் நேரத்தில்தான் அடுத்த கட்டம் தொடங்குகிறது. கூடுதல் உத்தரவாதம், திரைப் பாதுகாப்பு, மின்னழுத்தச் சீராக்கி, சுவரில் பொருத்தும் சட்டம், கம்பிகள். போட்டி மிகுந்த தொலைக்காட்சியின் விலையில் கடைக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. அதோடு சேர்த்து விற்கும் உத்தரவாதத்திலும் துணைப்பொருள்களிலும் லாப விகிதம் பன்மடங்கு. ஆகவே, நூறு பொருள் விற்றால் எத்தனை பேருக்குக் கூடுதல் உத்தரவாதமும் விற்கப்பட்டது என்ற கணக்கு, கடைப் பணியாளருக்குத் தனி இலக்காகவே வைக்கப்படுகிறது.

கூடுதல் உத்தரவாதம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. பழுதானால் பெருந்தொகை கேட்கும் பெரிய திரைத் தொலைக்காட்சிக்கு அது மன நிம்மதி தரலாம். ஆனால், கையெழுத்திடும் முன் சில வினாக்களுக்கு விடை வேண்டும். அதைத் தருவது தயாரிப்பு நிறுவனமா, கடையா, மூன்றாம் நிறுவனமா? அதன் காலம் இன்றே தொடங்குகிறதா, நிறுவனத்தின் உத்தரவாதம் முடிந்த பின்னர் தொடங்குகிறதா? எவையெல்லாம் விலக்கு? குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதன இயந்திரம் ஆகியவற்றின் கம்ப்ரசருக்கு நிறுவனங்கள் பலவும் பத்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. அத்தகைய பொருளில் நாம் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குவது மற்ற பாகங்களுக்கான காப்பு மட்டுமே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இவற்றுக்குத் தாளில் விடை இல்லாவிட்டால், வாய்மொழியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தவணை மேசையில் ஒரு நிமிடம்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. "வட்டியே இல்லை" என்ற அறிவிப்பு எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. பணத்துக்கு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். தயாரிப்பு நிறுவனமோ கடையோ அந்த வட்டியை ஏற்கலாம். அல்லது, உடனடியாக ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கு மறுக்கப்படுவதன் வழியாக, நாமே அதைக் கொடுக்கலாம்.

30,000 ரூபாய் குளிர்பதனப் பெட்டி ஒன்றைப் பத்து மாதத் தவணையில், மாதம் 3,000 ரூபாய் வீதம் வாங்குவதாகக் கொள்வோம். தாளில் வட்டி சுழியம். ஆனால், முழுத்தொகையையும் உடனே செலுத்தினால் 28,000 ரூபாய்க்கே தருவதாகக் கடை கூறினால், நாம் உண்மையில் 28,000 ரூபாய் கடன் பெற்று 30,000 ரூபாய் திருப்பிச் செலுத்துகிறோம். அசல் மாதந்தோறும் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வட்டி. கடன் எழுதும் கட்டணமாக 500 ரூபாய் முன்கூட்டியே வாங்கப்பட்டால், அது 19 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ரொக்கத்துக்கும் அதே 30,000 ரூபாய்தான், கட்டணம் ஏதுமில்லை என்றால், தவணை நமக்கு மெய்யாகவே இலவசம். எனவே கேட்க வேண்டிய வினா ஒன்றே: "முழுத்தொகையையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?"

சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என்பதையும், வட்டி கட்டணமாக உருமாறி வாடிக்கையாளரிடம் வசூலிக்கப்படுவதையும் ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' கட்டாயம். வட்டி, கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்க வேண்டும். கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீட்டுக்காகக் கடன் நிறுவனம் வசூலிக்கும் தொகையும் அதில் தனியாகக் காட்டப்பட வேண்டும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான ஒப்புதலின்றி வாங்க முடியாது. மேசையில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியை நீட்டிக் கடவுச்சொல்லைக் கேட்கும் முன், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒரு நிமிடம் போதும். சிறு கடன்தானே என்று தவணையைத் தவறவிட்டால், அதுவும் நம் கடன் வரலாற்றில் பதிவாகும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

இதில் வங்கிகள் மட்டும் விலக்கு என்று நாம் கூற இயலாது. கடன் அட்டைக்குக் கிடைக்கும் உடனடித் தள்ளுபடியின் பின்னாலும், வங்கிகள் விற்கும் காப்பீட்டின் பின்னாலும் இத்தகைய பணப்பரிமாற்றங்கள் உண்டு. கடையில் கேட்கும் வினாக்களை வங்கியிலும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

அந்தப் பக்கத்தில் நிற்பவர்

இதுவரை வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தோம். நம் வாடிக்கையாளர்களின் வீடுகளிலேயே இந்தப் பணிக்குச் செல்லும் மகன்களும் மகள்களும் உண்டு. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளுமே அவர்களுக்கு உச்சகட்ட உழைப்பு. அவர்கள் பெறும் ஊக்கத்தொகை தீபாவளி மாதத்தில் பொங்கி வழியும்; அடுத்த மாதத்தில் வற்றிவிடும். விற்ற பொருளின் எண்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே தொகை வருவதால், இந்த மாத உழைப்பின் பலன் அடுத்த மாதத்துக்கோ அதற்கும் பின்னரோ தள்ளிப்போகும். பொருள் திரும்பி வந்தால் ஊக்கத்தொகையும் திரும்பப் போய்விடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 'அடிப்படை ஊதியம்' என்பதற்குத் தந்த வரையறையில் கமிஷன் சேரவில்லை. 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்திலும் அவ்வாறே. ஆகவே, கையில் 25,000 ரூபாய் வாங்கியவருக்கும், அதில் பெரும்பகுதி ஊக்கத்தொகையாக இருந்தால், முதுமைக்கான சேமிப்பு சிறிய நிலைச் சம்பளத்தின் மேலேயே வளர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் கமிஷனை ஊதியத்திலிருந்து விலக்குகிறது. ஆயினும், இவ்வாறு விலக்கப்படும் தொகைகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும் என்ற வரம்பை அது வைத்திருக்கிறது.

ஆகவே, இத்துறையில் பணியாற்றும் நம் வாடிக்கையாளர்களுக்கு மூன்று யோசனைகள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஆகிய நிலையான செலவுகளை நிலைச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிக்கொள்ளுங்கள். ஊக்கத்தொகை வந்த அன்றே அதில் ஒரு பங்கைத் தொடர் வைப்பிலோ பொது வருங்கால வைப்பு நிதியிலோ இட்டுவிடுங்கள். உங்களுக்காக வேறு யாரும் இடாத தொகை அது. ஊக்கத்தொகையின் கணக்குச் சீட்டுகளை மாதந்தோறும் பத்திரப்படுத்துங்கள். கடன் கேட்டு வரும்போது மாறும் வருமானத்தைக் கணக்கிட வங்கி பல மாதங்களின் சராசரியையே பார்க்கும்.

கடைக்குப் புறப்படும் முன்

எந்த அளவு, எந்த வசதி, அதிகபட்சம் எவ்வளவு விலை என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேசுபவர் கடைப் பணியாளரா, நிறுவனத்தின் புரொமோட்டரா என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டுமானால் இருவரின் புரொமோட்டர்களிடமும் பேசுங்கள்.

தயாரிப்பு மாதத்தையும் நட்சத்திர முத்திரையின் காலத்தையும் பாருங்கள்.

ரொக்க விலையைக் கேட்ட பிறகே தவணையைப் பற்றிப் பேசுங்கள். முக்கிய விவர அறிக்கையைப் படிக்காமல் கடவுச்சொல்லைக் கூறாதீர்கள்.

கூடுதல் உத்தரவாதத்தைப் பொருளின் ரசீதில் கலக்காமல் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று ரசீதில் இருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரம் நின்று, ஐந்து மாதிரிகளை இயக்கிக் காட்டி, நம் ஐயங்களைத் தீர்த்துவைத்த விற்பனையாளரிடமே, விலை ஒன்றாக இருக்குமானால், பொருளை வாங்குவோம். ரசீது போடும்போது அவருடைய பெயரையோ எண்ணையோ குறிப்பிடச் சொல்வோம். நமக்குச் செலவில்லாத அந்த ஒரு வரி, அவருக்கு நாற்பதாவது விற்பனையாக இருக்கலாம்.